நிலாவெளிக் காணி: பெக்கோ விடும் முன்

வணக்கம் அண்ணா. கனடாவிலிருந்து ஐப்பசியில் வரும்போது, வீடு கட்ட திருகோணமலை நிலாவெளியில் உள்ள பற்றைக்காணி முழுவதையும் பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) விட்டு ஒரே நாளில் வெளியாக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

அங்கே கனடாவில் குளிர்காலத்தில் மரம் வெட்டுவது சரி. உறைந்த நிலம் இயந்திரத்தைத் தாங்கும், பறவைகளும் கூடு கட்டாத நேரம். திருகோணமலையில் ஐப்பசி தொடங்கி வாடைமழை, அதாவது வடகீழ்ப் பருவமழை. வேர் பிடுங்கிய மேல்மண் அதோடு போய்விடும். ஆடி, ஆவணியில் நிலம் காய்ந்து இறுகியிருக்கும், அப்போது செய்யுங்கள். ஆனால் அது கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் காலம், வெட்டிய பற்றைக்கு நெருப்பு வைக்கவே கூடாது. நறுக்கி மரங்களடியில் மூடாக்காகப் போடுங்கள்.

அத்திவாரம் வரும் இடத்தில் மட்டும் அடிக்கட்டையை வேரோடு எடுங்கள். விட்டால் உக்கி மண் இறங்கும், கறையானும் வரும். மற்ற இடங்களில் தரைமட்டமாக வெட்டினால் போதும், வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். பாலை மரம் நின்றால் வீட்டு வரைபடத்தையே கொஞ்சம் நகர்த்துங்கள் அண்ணா. அது அவ்வளவு மெதுவாக வளரும் மரம், விழுவதைப் பார்க்க எனக்கு மனம் தாங்காது.

அப்புறம், பலா, ஈரப்பலா, பெண் பனை வெட்ட அனுமதி வேண்டும். முதலில் பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.