அஞ்சறைப் பெட்டி: வாசகர் கேள்வி பதில்

கே: அக்கா, என் மகளுக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் சொன்னதால் சப்பாத்தி, ரவை, சேமியா எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். வெறும் ரசம் சாதம் சாப்பிட்டாலும் சில நாள் வயிறு படுத்துகிறது. ஏன்? (திருச்சி வாசகி)

ப: முதலில் டாக்டரிடம் மறுபடி காட்டுங்கள். போகும்முன் உங்கள் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்துவிடுங்கள். ‘கூட்டுப் பெருங்காயம்’ என்று போட்டிருந்தால் உள்ளே கோந்தோடு மைதாவோ கோதுமை மாவோ இருக்க வாய்ப்பு அதிகம். ஏமாற்று வேலை இல்லை இது. பெருங்காயம் என்பது ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கத்து மலைச்செடி ஒன்றின் வேரைக் கீறி எடுக்கும் பால், காய்ந்து பிசினாக இறுகியது. அதை அப்படியே கிள்ளிப் போட்டால் நெடி தாங்காது, அதனால்தான் மாவில் கலந்து தணித்து விற்கிறார்கள். அரிசி மாவில் செய்த பெருங்காயமும் கடைகளில் வருகிறது, கேட்டு வாங்குங்கள். இத்தனை காலம் ரசத்தில் போட்டும் நாம் அதைப் பயிர் செய்ததில்லை. 2020 அக்டோபரில்தான் இமாச்சலப் பிரதேசத்து லாஹௌல் பள்ளத்தாக்கில் அரசு ஆராய்ச்சி நிலையம் ஒன்று கன்று நட்டது. நட்ட கன்றிலிருந்து பிசின் எடுக்க ஐந்து வருஷமாவது ஆகும், ஆகவே இத்தனை காலமும் நம் ரசம் வெளிநாட்டு ரசம்தான்.

கே: ஜவ்வரிசி எந்த மரத்தில் காய்க்கிறது? என் மருமகள் கேட்டாள், எனக்குத் தெரியவில்லை. பேரனுக்குத் தினமும் ஜவ்வரிசிக் கஞ்சிதான் கொடுக்கிறோம், சத்துதானே? (விழுப்புரம் வாசகி)

ப: காய்ப்பதில்லை அம்மா, தொட்டில் கட்டி ஆட்டி எடுப்பது. அசல் ஜவ்வரிசி மலேசியா, இந்தோனேசியா பக்கத்து ஒருவகைப் பனையிலிருந்து வந்தது. அந்த மரம் பூக்கப்போகும் சமயத்தில் வெட்டி, தண்டின் சோற்றைப் பிழிந்து மாவு எடுப்பார்கள். ஜாவாவிலிருந்து வந்த அரிசி, அதனால் ஜவ்வரிசி என்று சொல்வதுண்டு. இரண்டாம் உலகப் போரில் கப்பல் நின்றுபோக, 1943 வாக்கில் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கை அரைத்து அதே உருண்டையைச் செய்ய ஆரம்பித்தார்கள். மரவள்ளியும் நம்முடையது இல்லை, தென் அமெரிக்கக் கிழங்கு. ஆனால் சேலத்துக்காரர்களிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்! அவர்களுக்கு அது குச்சிக்கிழங்கு, ஆலைக்குப் பெயர் சேகோ ஃபேக்டரி. கிழங்கைத் தோல் சீவி அரைத்து, பாலைத் தெளியவிட்டு, அடியில் படிந்த ஈர மாவைத் துணித் தூளியில் போட்டு ஆட்டினால் மாவு தானாக உருளும். அப்புறம் சூடான தட்டில் வறுத்தோ ஆவியில் வேகவிட்டோ வெயிலில் காயவைப்பார்கள். 1981 முதல் இதற்கென ஒரு கூட்டுறவுச் சங்கமே சேலத்தில் நடக்கிறது, 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இதில் வேடிக்கை, நாம் பாயசத்துக்கு ஒரு பிடி, வடாமுக்கு ரெண்டு படி என்று வாங்குவதோடு சரி. பெரும்பங்கு மகாராஷ்டிரம் பக்கம் போய் ஏகாதசி விரதக் கிச்சடி ஆகிறது.

சத்து என்று கேட்டால், கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்துதான். நூறு கிராமில் புரதம் ஒரு கிராம்கூட இல்லை. காய்ச்சல் விட்ட குழந்தைக்கு இரண்டு நாள் தெம்புக்குக் கொடுக்கலாம், தினமும் அதுவே சாப்பாடு என்றால் பேரன் கொழுகொழுவென்று இருப்பான், தசை பிடிக்காது. மராட்டியர்கள் கிச்சடியில் வறுத்த வேர்க்கடலையைப் பொடித்து அள்ளிப் போடுவார்களே, நீங்களும் கஞ்சியில் பாசிப்பருப்பைக் குழையவிட்டுச் சேருங்கள்.

கே: ஒரு வயதுகூட ஆகாத குழந்தைக்கு நாக்கில் தேன் தடவலாமா? மாமியார் தடவச் சொல்கிறார்.

ப: கூடாது. ஒரு வயது முடியும்வரை ஒரு சொட்டுகூட வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதை பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நரம்பையே தாக்கும். அரிதுதான், ஆனால் வந்தால் பெரிய ஆபத்து. மாமியாரிடம் என் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளுங்கள்.

கே: அப்பாவுக்குச் சர்க்கரை நோய். பச்சரிசியை விட்டுப் புழுங்கலரிசிக்கு மாறிவிட்டோம் என்ற தைரியத்தில் மூன்று முறை சோறு கேட்கிறார். சரியா? (கும்பகோணம் வாசகர்)

ப: அரிசியை மாற்றியது சரி, தட்டை மாற்றவில்லையே! புழுங்கலரிசி சர்க்கரையைக் கொஞ்சம் நிதானமாக ஏற்றலாம், ஆனால் மூன்று முறை போட்டால் அந்த நிதானம் எங்கே நிற்கும்? பாதித் தட்டு காய், கூட்டு, கீரை என்று ஆக்குங்கள்.

ஆனால் புழுங்கலுக்கு உள்ள பெருமை வேறு. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 உயிர்ச்சத்து கரைந்து அரிசிக்குள் இறங்கிவிடும், அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் ஓரளவு நிற்கும். தீட்டிய பச்சரிசியில் அது தவிட்டோடு மாட்டுக்குப் போய்விடும். இது தெரியாமல்தான் ஒரு காலத்தில் பெரிபெரி என்ற நோயில் ஜனங்கள் கால் மரத்து, இதயம் வீங்கிச் செத்தார்கள். ஜாவாவில் (மறுபடியும் ஜாவா!) ஐக்மன் என்ற டச்சு டாக்டர், தீட்டிய அரிசிச் சோறு தின்ற கோழிகள் கால் துவண்டு விழுவதையும், அரிசியை மாற்றியதும் எழுந்து நடப்பதையும் கவனித்தார். 1929இல் நோபல் பரிசு வந்தது. நம் ஊர்க் கதை இன்னும் சுவாரஸ்யம்: 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். அந்த அறைதான் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்குக் குடிபோய், இன்று இந்தியர்கள் எதை எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று சொல்லும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆகியிருக்கிறது. ஊட்டி டூர் போகிறவர்கள் யாராவது குன்னூரில் இதை நினைக்கிறார்களா? வர்க்கி வாங்கிக்கொண்டு திரும்புகிறோம்.

கே: மிளகாய் வெளிநாட்டுச் சரக்கு என்கிறார்களே, அப்படியானால் முன்னோர் காரத்துக்கு என்ன செய்தார்கள்?

ப: மிளகு, திப்பிலி, இஞ்சி, கடுகு. மிளகாய் போர்த்துகீசியர் வழியாக அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. ‘மிளகு மாதிரி உறைக்கும் காய்’ என்று பெயர் வைத்ததிலேயே யார் மூத்தவர் என்று தெரிகிறதே. நேரில் பார்க்க வேண்டுமானால் திவச சமையல் நடக்கும் வீட்டுக்குப் போங்கள். பல வீடுகளில் அன்று மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் எதுவும் அடுப்படிக்குள் வராது, மிளகும் வாழைக்காயும் பாகற்காயும்தான். புரி ஜகந்நாதர் மடைப்பள்ளியிலும் உருளையும் தக்காளியும் நுழைவதில்லை.

கே: சௌசௌவை ஏன் பெங்களூர் கத்தரிக்காய் என்கிறோம்?

ப: பெங்களூர்ப் பக்கம் விளைந்து இங்கே வந்ததால் இருக்கும். சொந்த ஊர் மெக்சிகோ, கத்தரிக்கு உறவே இல்லை, பூசணிக் குடும்பம்.

கே: என் பாட்டி வெள்ளைச் சர்க்கரையை ‘அஸ்கா’ என்பார். அது என்ன? (வேலூர் வாசகர்)

ப: ஊர்ப் பெயர். ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் இருக்கிறது அஸ்கா. 1936 வரை அந்தப் பகுதி சென்னை மாகாணத்தில் இருந்தது, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அங்கே சர்க்கரை ஆலை வந்துவிட்டது. அங்கிருந்து வந்த சரக்குக்கு ஊர்ப் பெயரே ஒட்டிக்கொண்டது. தெற்கே இதையே ‘சீனி’ என்பார்கள், அது சீனாவிலிருந்து ஒட்டியது. ‘சர்க்கரை’ என்பது அவர்களுக்கு இன்னமும் நாட்டுச் சர்க்கரைதான், நாம்கூடச் சர்க்கரைப் பொங்கலில் வெல்லத்தைத்தானே போடுகிறோம். ஆகவே, மதுரையில் பெண் எடுத்திருக்கும் சென்னைக்காரர்கள் மளிகைக் கடைக்குப் போனால் சீனி என்றே கேளுங்கள். காபிக்குச் சர்க்கரை என்று கேட்டு நாட்டுச் சர்க்கரையோடு வீடு திரும்பியவள் சொல்கிறேன்.