ஹார்ட் டாக்டர் கறி வேணாங்கறார், லேடி டாக்டர் ஈரல் குடுங்கறாங்க, நான் என்ன சமைக்க?

இந்த வாரம் வந்த லெட்டர், மெயில் எல்லாத்தையும் பிரிச்சா பாதிக்கு மேல கறி பத்தித்தான். சாப்பிடலாமா கூடாதா, சாப்பிட்டா என்ன ஆகும், சாப்பிடலன்னா என்ன ஆகும். அதனால மத்த கேள்விங்களை அடுத்த வாரத்துக்கு தள்ளிட்டேன், கோவிச்சுக்காதீங்க. இன்னொண்ணு, நிறைய பேர் டாக்டர்னு கூப்பிட்டு எழுதறீங்க, நான் டாக்டர் இல்ல, ஆஸ்பத்திரியில 26 வருஷம் டயட்டீஷியனா இருந்து ரிட்டையர் ஆனவ, மாத்திரையை ஏத்தறது குறைக்கறது எல்லாம் உங்க டாக்டர் வேலை.

கேள்வி: மேடம், எங்க வீட்டுக்காரருக்கு 52 வயசு, சுகர் எட்டு வருஷமா இருக்கு, போன மாசியில நெஞ்சு வலி வந்து ஒரு ஸ்டென்ட் வச்சாங்க. இனிமே மட்டன் பக்கமே போகாதீங்கன்னுட்டார் டாக்டர். அதுலேர்ந்து வீட்டுல சுத்த சைவம், முட்டை கூட வாங்கறதில்ல. ஆனா காலேஜ் படிக்கிற பொண்ணுக்கு ஹீமோகுளோபின் 8.6 தான் இருக்குன்னு லேடி டாக்டர் ஈரல், சுவரொட்டி குடுக்க சொல்றாங்க. ஒரே அடுப்புல நான் எதை வைக்க? மாமியார் யூடியூப் பாத்துட்டு கறியே விஷம்ங்கறாங்க, என் தம்பி சோறுதான் விஷம் கறிதான் மருந்துங்கறான். இத்தனைக்கும் கறியை விட்டும் அவருக்கு சுகர் ஏறித்தான் இருக்கு, கால் வேற மதமதன்னு இருக்குங்கறார். காலையில நாலு இட்லி, மத்தியானம் சாதம் ரசம் உருளைக்கிழங்கு வறுவல் அப்பளம், சாயங்காலம் ரஸ்க் டீ, ராத்திரி மூணு தோசை தேங்காய் சட்னி, இதான் அவர் சாப்பாடு. வேற என்ன குடுக்கணும்? – வாசகி, திண்டுக்கல்

பதில்: ரெண்டு டாக்டரும் தப்பா சொல்லலம்மா. ஒருத்தர் பார்த்தது உங்க வீட்டுக்காரர் ரத்தக்குழாயை, இன்னொருத்தங்க பார்த்தது பொண்ணோட ரத்த ரிப்போர்ட்டை. ரெண்டு உடம்புக்கு சொன்னதை நீங்க ஒரே சட்டியில போட்டு கிண்டறீங்க.

ஆனா உங்க லெட்டர்ல எனக்கு திக்குனு ஆனது மட்டன் இல்ல, போற போக்குல எழுதியிருக்கீங்களே கால் மதமதன்னு இருக்குன்னு, அதுதான். எட்டு வருஷ சுகர்னா அனேகமா மெட்ஃபார்மின் போட்டுக்கிட்டிருப்பார், சீட்டை எடுத்துப் பாருங்க. அந்த மாத்திரை நல்ல மாத்திரை, நிறுத்தக் கூடாது, ஆனா வருஷக்கணக்கா சாப்பிட்டா, நரம்புக்கு வேண்டிய பி12ங்கற வைட்டமின் சாப்பாட்டுலேர்ந்து உடம்புல ஏறறதை குறைக்கும். பி12 செடி கொடி எதுலயும் கிடையாது, கறி, மீன், முட்டை, பால் இதுலதான் இருக்கு. அவர் கறியை விட்டார், முட்டையை விட்டார், பால்னு பார்த்தா டீயில ஊத்தற பாலோட சரி. அவரோட ஈரல்ல பி12 பழைய ஸ்டாக் இருக்கும், ஒரே மாசத்துல காலியாகாது, ஆனா எட்டு வருஷமா மாத்திரை ஏற்கனவே அரிச்ச ஸ்டாக்தானே அது. சுகர்னாலயும் கால் இப்படி ஆகும், பி12 குறைஞ்சாலும் ஆகும், வெளியிலேர்ந்து பார்த்து சொல்ல முடியாது, ரத்தம் குடுத்துதான் பாக்கணும். நான் வேலை பார்த்தப்போ ஒரு பஸ் கண்டக்டர் வருவார், பரம்பரை சைவம், பத்து வருஷ மெட்ஃபார்மின், ஒரு நாள் செருப்பு கழண்டு போனதே தெரியாம பஸ்ஸுக்குள்ள டிக்கெட் குடுத்துட்டே நடந்திருக்கார், பாசஞ்சர் ஒருத்தர் சொல்லித்தான் தெரிஞ்சிருக்கு. டெஸ்ட் பண்ணா பி12 தரைமட்டம், ஊசி போட்டாங்க, முழுசா இல்லன்னாலும் நிறைய சரியாச்சு. பழைய சோத்துல பி12 கொட்டிக் கிடக்குன்னு வாட்ஸ்அப்ல வரும், பழைய சோறு எனக்கும் பிடிக்கும், ஆனா அதை நம்பி இந்த டெஸ்டை தள்ளிப் போடாதீங்க.

அடுத்தது மட்டன். ஞாயித்துக்கிழமை அரை கிலோ வாங்கி நாலு பேர் சாப்பிட்டிருப்பீங்கன்னு வச்சுக்குவோம், தலைக்கு 125 கிராம், எலும்பு போனா 90 கிராம் மிஞ்சுமா? ஏழு நாளுக்கு பிரிச்சா நாளைக்கு 13 கிராம். அந்த 13 கிராம் போன இடத்துக்கு என்ன வந்துச்சுன்னு உங்க லிஸ்டைப் பாருங்க. இட்லி, சாதம், உருளைக்கிழங்கு, அப்பளம், ரஸ்க், தோசை, எல்லாமே மாவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) கணக்குப்படி ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரோட்டீன் வேணும், அவர் 70 கிலோன்னா 58 கிராம். நீங்க எழுதின சாப்பாட்டை நான் கூட்டிப் பார்த்தேன், 35 தாண்டல. சுகர் ஏறாம என்ன பண்ணும்? அதோட தேங்காய்லயும் மட்டன் கொழுப்பு மாதிரி உறையற கொழுப்புதான் இருக்கு, தினம் ராத்திரி சட்னின்னா அதையும் ஹார்ட் டாக்டர் கணக்குலதான் சேர்க்கணும். சைவம்னு பேர் வந்ததும் நாம கண்ணை மூடிக்கறோம்.

மாமியாருக்கும் தம்பிக்கும் நடக்கற சண்டைக்கு வரேன். ஆக்ஸ்ஃபோர்டுல சுமார் 48 ஆயிரம் பேரை 18 வருஷம் பின்தொடர்ந்து 2019ல ரிசல்ட் சொன்னாங்க. கறி சாப்பிடறவங்களை விட சைவக்காரங்களுக்கு இதய நோய் 22 சதவீதம் கம்மி, ஆனா ஸ்ட்ரோக் 20 சதவீதம் அதிகம். ஒரே ஸ்டடி! முதல் பாதியை ஒரு சேனல் எடுத்துக்கிட்டு கறி விஷம்னு போடுவான், ரெண்டாவது பாதியை இன்னொருத்தன் எடுத்துக்கிட்டு சைவம் ஆபத்துன்னு போடுவான். தலையை எண்ணிப் பார்த்தா, ஆயிரம் பேர் பத்து வருஷம் சைவமா இருந்தா இதய நோய் பத்து பேருக்கு குறையுது, ஸ்ட்ரோக் மூணு பேருக்கு கூடுது, அவ்வளவுதான். அதுவும் அது இங்கிலாந்து தட்டு, நம்ம தட்டு இல்ல.

நம்ம தட்டைப் பத்தி தெரியணும்னா சென்னையில இருக்கற மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் ஐசிஎம்ஆரோட சேர்ந்து நாடு முழுக்க எடுத்த சர்வே இருக்கு, சாப்பாட்டுப் பகுதி 2025ல வந்துச்சு. இந்தியாவுல நாம சாப்பிடற கலோரியில 62 சதவீதம் மாவுச்சத்துலேர்ந்து வருது. அதுல கொஞ்சத்தை எடுத்துட்டு பருப்பு, பால் மாதிரி புரோட்டீனை வச்சா சுகர் வர்ற ரிஸ்க் குறையுது, ஆனா ஆட்டுக்கறி மாட்டுக்கறியை வச்சா அந்த லாபம் தெரியல. சோறு அளவுல தம்பி சொல்றதுல விஷயம் இருக்கு, கறிதான் மருந்துங்கறது மட்டும் அவன் சொந்த சரக்கு.

இப்ப அடுப்புக்கு வாங்க. அவருக்கு முதல்ல கிரியேட்டினின் நார்மலான்னு பாத்துக்கோங்க, கிட்னி சரியில்லன்னா புரோட்டீனை நம்ம இஷ்டத்துக்கு ஏத்தக் கூடாது. நார்மல்னா மத்தியானம் ஒரு கரண்டி சாதத்தை குறைச்சுட்டு கெட்டிப் பருப்பு ஒரு கிண்ணம், தயிர் ஒரு கிண்ணம், சாயங்காலம் ரஸ்க்குக்கு பதிலா சுண்டலோ முளைகட்டின பயிறோ, உருளைக்கிழங்கு இடத்துல அவரைக்காய், கொத்தவரங்காய், கீரை. டாக்டர் நிறுத்தினது மட்டனைத்தான், மீனுக்கும் முட்டைக்கும் தடை போட்டாரான்னு அடுத்த விசிட்ல வாய் விட்டு கேளுங்க. மத்தி, அயிலை குழம்பு வாரம் ரெண்டு நாள் வைக்கலாம், வறுக்காம. பெரும்பாலும் சரின்னுதான் சொல்வாங்க.

பொண்ணு விஷயத்துல ஈரலும் சுவரொட்டியும் நல்ல யோசனைதான், சுவரொட்டின்னா தெரியாதவங்களுக்கு, ஆட்டோட மண்ணீரல், கறிக்கடையில முன்கூட்டியே சொல்லி வச்சாதான் கிடைக்கும், மிளகு உப்பு போட்டு கல்லுல வாட்டி எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடுக்கலாம். கறியில இருக்கற இரும்பு கீரையில இருக்கறதை விட சுலபமா ரத்தத்துல சேரும், அதுவும் உண்மை. ஆனா 8.6 ஐ வெறும் சுவரொட்டி தூக்கி நிறுத்தாது, மாத்திரை வேணும். ஆரம்ப சுகாதார நிலையத்துல குடுக்கற மாத்திரை ஒண்ணுல 60 மில்லிகிராம் இரும்பு இருக்கு, ஒரு வேளை தட்டுல வைக்கற ஈரல்ல அவ்வளவு வராது. இந்தப் புள்ளைங்க மாத்திரையை காபியோட முழுங்கும், இல்ல மோஷன் கறுப்பா போகுதுன்னு பயந்து நாலே நாள்ல நிறுத்திடும். கறுப்பா போறது சாதாரணம். டீ காபி சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்ன பின்ன தள்ளி வைங்க. பீரியட்ஸ்ல எத்தனை நாள் போகுது, எத்தனை பேட் மாத்தறான்னு நீங்க உக்காந்து கேளுங்க, ஓட்டை அங்க இருந்தா மேல எவ்வளவு ஊத்தியும் நிக்காது. குடும்ப நல சர்வேல தமிழ்நாட்டுல 15 முதல் 49 வயசுப் பொண்ணுங்கள்ல 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, இத்தனைக்கும் நம்ம ஊர்ல நூத்துக்கு 97 பேர் அசைவம். பேருக்கு அசைவம், பொம்பளைங்க தட்டுல விழறது குழம்பும் எலும்பும்தான்னு நான் சொன்னா ஆம்பளைங்களுக்கு கோவம் வரும்.

கேள்வி: பேலியோ டயட் (சோறு சப்பாத்தி இல்லாம கறி, முட்டை, நெய்) இருந்து ஏழு மாசத்துல 14 கிலோ குறைச்சேன், சுகரும் நார்மல். ஆனா எல்டிஎல்ங்கற கெட்ட கொழுப்பு 118ல இருந்து 204 ஆயிடுச்சு. டாக்டர் உடனே நிறுத்துங்கறார், குரூப்ல எல்டிஎல் எல்லாம் மருந்து கம்பெனி பண்ற பிசினஸ், கண்டுக்காதீங்க ப்ரோங்கறாங்க. யாரை நம்ப? – வாசகர், திருப்பூர்

பதில்: 14 கிலோ சும்மா இல்ல தம்பி, அதுக்கு சபாஷ். சுகர் இறங்கினதும் நிஜம். ஆனா 204ம் அதே லேப்ல அதே ரத்தத்துல வந்த நம்பர்தானே, பிடிச்ச நம்பரை ஃபிரேம் போட்டு மாட்டிட்டு பிடிக்காததை பிசினஸ்னு சொன்னா எப்படி? எல்டிஎல் கூடினா மாரடைப்பு ரிஸ்க் கூடுங்கறதுல டாக்டர்ங்க மத்தியில பெரிய சந்தேகம் கிடையாது. 190ஐ தாண்டினாலே பரம்பரைக் கொழுப்பான்னு பாக்கணும், அப்பா, சித்தப்பா, மாமா யாருக்காவது சின்ன வயசுல அட்டாக் வந்திருக்கான்னு வீட்டுல விசாரிச்சு டாக்டர்கிட்ட சொல்லுங்க. பட்டர் காபி, நெய்யில முங்கின மட்டன், தேங்காய் எண்ணெய் இதை முதல்ல தூக்குங்க. பேலியோல எண்ணி எண்ணி சாப்பிடற 100 பாதாம் இருக்கட்டும், அது ஒண்ணும் பண்ணாது, ஆனா பர்சுக்கு நான் பொறுப்பில்ல. மீன், கோழி, காய், கடலை, கொஞ்சம் பருப்புன்னு மாத்திட்டு ரெண்டு மாசம் கழிச்சு டெஸ்ட் எடுங்க. இறங்கலன்னா மாத்திரை பத்தி டாக்டர் சொல்றதைக் கேளுங்க, குரூப் அட்மின் ஐசியூவுக்கு வர மாட்டார்.

கேள்வி: சாசேஜ் சாப்பிடறது சிகரெட் பிடிக்கறதுக்கு சமம்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லிடுச்சாமே? – வாசகர், பாண்டிச்சேரி

பதில்: பாதிதான் சொல்லுச்சு. 2015ல அவங்களோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு சாசேஜ், பேக்கன், ஹாம் மாதிரி பதப்படுத்தின கறியை சிகரெட் இருக்கற அதே முதல் லிஸ்ட்ல சேர்த்தாங்க. அந்த லிஸ்ட் ஆதாரம் எவ்வளவு உறுதின்னு சொல்ற லிஸ்ட், ஆபத்து எவ்வளவு பெருசுன்னு சொல்ற லிஸ்ட் இல்ல. தினமும் 50 கிராம் சாப்பிட்டா குடல் புற்றுநோய் ரிஸ்க் 18 சதவீதம் கூடுதுன்னாங்க, அதாவது நூறு பேர்ல அஞ்சு பேருக்கு வர்றதுன்னு வச்சா அது ஆறு ஆகும். சிகரெட் பண்ற வேலை இதை விட பல மடங்கு. ஆடு மாடு பன்னி இதெல்லாம் ஒரு படி கீழ, அனேகமா புற்றுநோய் வரவைக்கும்ங்கற லிஸ்ட்ல. 2019ல வேற ஒரு குழு வந்து ஆதாரம் பலவீனமா இருக்கு, இப்ப சாப்பிடற அளவே சாப்பிடுங்கன்னாங்க, அதுக்கு ஹார்வர்டுக்காரங்க சண்டைக்கு வந்தாங்க. மாசம் ஒரு தடவை சாசேஜ் சாப்பிடறவர் தூங்கலாம், தினம் பிரேக்ஃபாஸ்ட்டே அதுதான்னா விடுங்க.

கேள்வி: பொண்ணு வீகன் ஆயிட்டா, தயிர் கூட தொட மாட்டேங்கறா, பயமா இருக்கு. – வாசகி, கோவை

பதில்: அவளோட சண்டை போடாதீங்க, பி12 மாத்திரை மட்டும் கட்டாயம்னு ஒரே ஒரு கண்டிஷன் போடுங்க, ஸ்பைருலினாங்கற பாசிப் பொடியில இருக்குன்னு சொல்லுவா, அதுல இருக்கறது நம்ம உடம்புக்கு உதவாத சரக்கு. கால்சியத்துக்கு கேழ்வரகு, 100 கிராம்ல ஏறக்குறைய 350 மில்லிகிராம் இருக்கு, கூட எள்ளு. புரோட்டீனுக்கு சோயா, கடலை, பயறு. மத்ததை அவளே படிச்சு வச்சிருப்பா.

கேள்வி: பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடறாங்களா? – வாசகர், வேலூர்

பதில்: இல்ல. பல்லடம் பக்கம் பண்ணையில போய் பாருங்க, ஆயிரக்கணக்கான கோழிக்கு தினம் ஊசி போட யாருக்கு கட்டும்? 40 நாள்ல வளர்றது ஜாதியும் தீவனமும். கவலைப்பட வேண்டியது ஆன்டிபயாட்டிக். கொலிஸ்டின்னு, மனுஷங்களுக்கு வேற ஆன்டிபயாட்டிக் கேக்காதப்போ குடுக்கற ஒரு கடைசி கட்ட மருந்து, அதை கோழி தீவனத்துல கலக்கக் கூடாதுன்னு 2019ல மத்திய அரசு தடை போட்டுச்சு.

கேள்வி: புரட்டாசி முழுக்க கறி சாப்பிடாம இருந்தா ரத்தம் சுத்தமாகுமா? – வாசகர், ஸ்ரீரங்கம்

பதில்: ரத்தத்தை சுத்தம் பண்ற வேலையை கிட்னியும் ஈரலும் வருஷம் பூரா பண்ணுது, புரட்டாசிக்குன்னு தனி ஷிஃப்ட் கிடையாது. பெருமாளுக்காக இருங்க, தாராளமா. எங்க வீட்டுலயும் உண்டு. சனிக்கிழமை தளிகை, வடை, அப்பளம், வாழைக்காய் பஜ்ஜி, கறி இல்லையேன்னு தினம் ஒரு வறுவல், மத்த மாசம் முழுக்க வர்ற அஞ்சு லிட்டர் எண்ணெய் டின் புரட்டாசியில இருபதாம் தேதிக்குள்ள காலி.