டர்பனில் விசில் ஊத வரும் தம்பிக்கு

"அடுத்த மாதம் டர்பனுக்கு வேலைக்கு வருகிறேன் அண்ணா. வள்ளவிளையில் ஊர்க் கால்பந்து டோர்னமெண்டுகளுக்கு ரெஃப்ரியாக நின்றிருக்கிறேன். அங்கே முறைப்படி ரெஃப்ரி ஆக முடியுமா? வாடகை, சாப்பாடு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எல்லாம் எப்படி?" என்று கேட்டிருக்கிறாய்.

தம்பி, வாடகையையும் பள்ளிக்கூடத்தையும் உன் கம்பெனியில் கேட்டுக்கொள். சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம், இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த் பக்கம் போனால் கறிவேப்பிலை முதல் எல்லாம் கிடைக்கும். ரெஃப்ரி விஷயத்துக்கு வருகிறேன். ஆள் தெரியாத இந்த ஊரில் எனக்கு மனிதர்களைச் சம்பாதித்துக் கொடுத்தது அதுதான்.

முடியும். இங்கே கால்பந்தை நடத்துவது சாஃபா, அதாவது தென்னாப்பிரிக்கக் கால்பந்துச் சங்கம். அதற்குக் கீழே வட்டாரங்கள், டர்பனுக்கு எத்தெக்வினி வட்டாரம். அதற்கும் கீழே உள்ளூர்ச் சங்கங்கள். நீ ஊரில் எத்தனை ஃபைனல் நடத்தியிருந்தாலும் இங்கே உள்ளூர்ச் சங்கத்தில், சின்னப் பையன்கள் ஆட்டத்தில் கொடி பிடித்துத்தான் தொடங்குவாய். அதற்கு முகம் சுளிக்காதே. அப்புறம், உன் விசா எந்த வேலைக்குக் கொடுத்ததோ அதற்கு மட்டும்தான் செல்லும். ஆட்டத்துக்குக் கூலி வாங்கும் முன் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுவிடு. அந்தக் கூலியை நம்பிக் கணக்கும் போடாதே. ஒரு லீக் எனக்குத் தர வேண்டியதை சீசன் முழுக்க இழுத்தடித்தது.

நான் பெரிதாகச் சொல்ல நினைப்பது வேறு. விதிப் புத்தகத்தை நீயே உட்கார்ந்து படி. டிவி கமெண்ட்ரியில் கேட்டதும் ஊர்ப் பெரியவர்கள் சொன்னதும் மைதானத்தில் கைகொடுக்காது. மொத்தம் 17 விதிகள்தான், விதிகளை வகுக்கும் சர்வதேச அமைப்பான ஐஎஃப்ஏபி இலவசமாகவே தருகிறது. ஆண்டுதோறும் திருத்துகிறார்கள், ஜூலை 1 முதல் நடைமுறை. கோல்கீப்பர் பந்தை 6 விநாடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் இன்டைரக்ட் ஃப்ரீ கிக் என்றுதான் நீ படித்திருப்பாய். 2025 முதல் அது 8 விநாடி, தாண்டினால் எதிரணிக்குக் கார்னர். கடைசி 5 விநாடியை ரெஃப்ரி கையைத் தூக்கி விரலால் எண்ணிக் காட்ட வேண்டும். பந்து கையில் பட்டாலே ஃபவுல் என்று நான்கு பக்கமும் கத்துவார்கள். வேண்டுமென்றே தொட்டானா, கையை இயல்புக்கு மாறாக விரித்து உடம்பைப் பெரிதாக்கினானா என்பதுதான் உன் கேள்வி. ஆனால் கோல் அடித்தவனின் கையிலேயே பட்டு உள்ளே போனால், தற்செயல் என்றாலும் கோல் கிடையாது.

விதி தெரிந்தால்தான் தைரியம் வரும். சாட்ஸ்வொர்த்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் லைனில் நின்றேன். த்ரோ-இன் நேராக, டிஃபென்டர்களைத் தாண்டி நின்ற ஃபார்வர்டிடம் போனது. அவன் கோல் போட்டுவிட்டான். நான் கொடியைத் தூக்கவில்லை. எதிரணி மேனேஜர் கோட்டைத் தாண்டி வந்து முகத்துக்கு நேராகக் கத்துகிறார், எச்சில் என் கன்னத்தில் தெறிக்கிறது, பின்னால் கூட்டமே "ஆஃப்சைடு" என்கிறது. த்ரோ-இன், கோல் கிக், கார்னர் மூன்றிலும் பந்து நேராக வந்தால் ஆஃப்சைடே கிடையாது. கொடியைத் தாழ்த்தியபடி நடுக்கோட்டை நோக்கி ஓடினேன். பிறகு வேறோர் ஆட்டத்தில் அதே மேனேஜர் தன் பையன்களுக்கு அதே விதியைச் சொல்லிக்கொடுத்தார். அன்று எனக்கு வந்த சந்தோஷம் எந்தக் கூலியிலும் வராது.

இங்கே பேசும் ஜூலு மொழியைக் கற்றுக்கொள். இரண்டு அணிகளையும் பார்த்து "சனிபோனானி" என்று ஜூலுவில் வணக்கம் சொல்லித் தொடங்கினால் பாதிச் சண்டை அங்கேயே அடங்கும். ஆட்டம் முடிந்து இருட்டினால் தனியாக நடக்காதே, கூட நின்ற ரெஃப்ரிகளோடு ஒரே காரில் கிளம்பு.

நம் ஊரிலிருந்து வந்தவர்களில் பலர் சனி ஞாயிறு ஒரு வீட்டில் கூடி, ஐபிஎல் பார்த்து, இந்த ஊரைத் திட்டிவிட்டுக் கலைவார்கள். அவர்களோடு மட்டும் இருந்துவிடாதே. எனக்குத் தாங்காத இன்னொன்று, 1860 முதல் இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளை "தமிழே தெரியாதவர்கள்" என்று இவர்கள் ஒதுக்குவது. தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதை அவர்கள் விட்டார்களா?

நான் வந்த புதிதில் ஒரு வீட்டின் பின்பக்க அறையில் இருந்தேன். பேச்சுத்துணை இல்லாமல் கிடந்த என்னை மைதானத்துக்குக் கூட்டிப்போனது அந்த வீட்டுக்கார அங்கிள்தான். அவருக்குத் தமிழ் நாலு வார்த்தைதான் வரும். தென்னாப்பிரிக்காவை ஃபிஃபா 1976-ல் வெளியேற்றி, 1992-ல் மறுபடி சேர்த்தது வரை அவர் வாயால்தான் கேட்டேன். நிறவெறிக் காலத்தில் எல்லா நிறத்தவரும் சேர்ந்து ஆடிய கரீஸ் ஃபவுண்டன் மைதானத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். 1996-97-ல் இந்த நாட்டின் முதல்நிலை லீகான பிஎஸ்எல் முதன்முதலாக நடந்தபோது கைசர் சீஃப்ஸ், ஒர்லாண்டோ பைரட்ஸ் எல்லாரையும் தள்ளிவிட்டுக் கோப்பையை எடுத்தது நம் டர்பனின் மானிங் ரேஞ்சர்ஸ் என்று சொல்லும்போது எழுந்தே நின்றுவிடுவார். இப்போதும் ஆட்டம் இருந்தால் மைதானத்துக்கு வந்துவிடுகிறார். நீ வந்து இறங்கியதும் எனக்குச் சொல், முதல் சனிக்கிழமையே அவரிடம் கூட்டிப்போகிறேன்.