பிரேக் இல்லாத பாரமவுன்ட்: கேள்வி பதில்

சிகாகோவின் ஷ்வின் நிறுவனம் 1938-ல் கொண்டுவந்த பந்தய சைக்கிள் பாரமவுன்ட். அதன் பழைய டிராக் வண்டி ஒன்றின் படத்தைப் போட்டதும் வந்த கேள்விகள் இவை.

கேள்வி: சார், பிரேக்கே காணோமே. யாராவது கழற்றிவிட்டார்களா?

பிறந்ததே அப்படித்தான். சாய்வான பலகைத் தடத்தில் ஓட்டுவதற்கென்று செய்த வண்டி. மிதிக்காமலே வண்டியை உருள விடும் பிரீவீலும் கிடையாது, பின் பல்சக்கரம் வீலோடு பிணைந்திருக்கும். வீல் சுற்றுகிறவரை பெடலும் சுற்றும். வேகத்தைக் குறைக்க வேண்டுமா, காலால் எதிர்த்து அழுத்த வேண்டும். பத்துப் பேர் ஒட்டி ஒட்டிப் பறக்கும்போது முன்னால் போகிறவர் சட்டென்று பிரேக் பிடித்தால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: ரோடு ரேஸை விட்டுவிட்டு ஏன் டிராக்?

அன்றைய அமெரிக்காவில் கூட்டமும் காசும் அங்கேதான். நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் ஆறு நாள் பந்தயம் நடக்கும். ஆரம்பத்தில் ஒற்றை ஆளாகத் தூக்கமில்லாமல் ஓட்டினார்கள். ஒருவர் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்று சட்டம் வந்தது. நடத்துகிறவர்கள் விடுவார்களா? 1899-ல் இருவர் இருவராக ஜோடி சேர்த்துவிட்டார்கள். அந்தப் பந்தயத்துக்கு இன்றும் பெயர் மேடிசன்.

கேள்வி: அண்ணா, செயினில் பல் விட்டுப் பல் இருக்கிற மாதிரி தெரிகிறதே?

நல்ல கண் தம்பி உனக்கு! அது ஒரு அங்குல செயின். இப்போதைய செயினில் கண்ணிகளை இணைக்கும் ஓர் ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் நடுவே அரை அங்குலம்தான். இதில் அதைப் போல இரண்டு மடங்கு. அதனால் பற்களும் தள்ளித் தள்ளி நிற்கும்.

இதை வைத்து ஒரு கூத்தே நடந்தது. 1941 மே 17, கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்ட். பிரெஞ்சுக்காரர் ஆல்ஃபிரட் லெட்டூர்னர், காற்றைத் தடுக்கும் மறைப்பு கட்டிய பந்தயக் காருக்குப் பின்னால் பாரமவுன்ட்டில் மணிக்கு 108.92 மைல் வேகம் தொட்டார், கிட்டத்தட்ட 175 கிலோமீட்டர். முன்னால் 57 பல், பின்னால் 6 பல். கணக்குப் போட்டால் முன் பல்சக்கரம் மட்டும் ஒன்றரை அடி அகலம் வரும். பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறக்குறைய 20 மீட்டர். நம் காலால் அதை அசைக்கவே முடியாது.

கேள்வி: ரிம் மரமா? நிஜமாகவா?

அந்தக் காலத்து டிராக் வண்டிகளில் மர ரிம் சாதாரணம். எடை குறைவு, பலகைத் தடத்தின் அதிர்வையும் உள்வாங்கிக்கொள்ளும். டயரை அதன்மேல் பசை போட்டு ஒட்டுவார்கள்.

கேள்வி: இப்படி ஒன்று கிடைத்தால் பெயின்ட் அடித்து, பிரேக் மாட்டி ஓட்டலாமா?

அய்யோ, வேண்டாம்! முன் ஃபோர்க்கில் பிரேக்குக்குத் துளையே இருக்காது. டிரில் போட்டீர்களோ, போச்சு. பெயின்ட்டும் அப்படித்தான்; உரிந்திருந்தாலும் பழைய பூச்சுக்குத்தான் மதிப்பு. மெல்லிய துணியால் துடைத்து, லேசாக மெழுகு தடவுங்கள். ஓட்ட ஆசையாக இருந்தால் வேறு வண்டி வாங்கிக்கொள்ளுங்கள்.