அமெரிக்காவில் மான் வேட்டைச் சட்டம் ஏன் இடத்துக்கு இடம் மாறுகிறது? நம் ஊரிலும் அப்படிக் கட்டுப்படுத்தலாமா?

சொந்த ஊர் அவிநாசிப் பக்கம். டெக்சாஸில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். துப்பாக்கியைத் தொட்டதில்லை, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டெக்சாஸில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேலான நிலம் தனியாருடையது. மான் சட்டப்படி பொதுச்சொத்துதான், ஆனால் அது மேய்கிற நிலத்துக்குள் போக நிலத்துக்காரர் சரி சொல்ல வேண்டும். அதனால் அங்கே மான் ஒரு வெள்ளாமை மாதிரி. சீசனுக்கு நிலத்தைக் குத்தகைக்கு விடுகிறார்கள். கூட வேலை பார்த்தவர் ஒருமுறை கூட்டிப்போனார். முக்காலி மேல் ஒரு டிரம், அடியில் டைமர் வைத்த மோட்டார். வெளுக்கும் நேரத்தில் கிர்ரென்று சுற்றி மக்காச்சோளத்தை இறைத்தது. கோழிக்குத் தீனி போட்ட மாதிரி ஏழு வெள்ளைவால் மான்கள் வந்து நின்றன. அவர் சுடவில்லை, "கொம்பு பத்தாது" என்றார். பல கவுன்ட்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) கிளைக்கொம்பு ஆண் மானைச் சுடக் கொம்பின் உள் அகலம் 13 அங்குலமாவது இருக்க வேண்டும். டேப் வைத்தா அளக்க முடியும்? மான் காதை விறைத்து நிற்கும்போது, கொம்பு காது நுனியைத் தாண்டுகிறதா என்று பார்த்துக்கொள்வார்கள்.

பென்சில்வேனியாவில் அதே மான்தான், ஆனால் இப்படித் தீனி போட்டு வரவழைத்துச் சுடுவது பொதுவாகக் குற்றம். இளம் ஆண்களைக் காப்பாற்ற 2002 முதல் கொம்பில் இத்தனை கிளையாவது இருந்தால்தான் சுடலாம் என்று ஒரு கணக்கு உண்டு. பெட்டைக்குத் தனி உரிமம், அதுவும் பகுதிவாரியாக எண்ணித்தான் கொடுப்பார்கள். மந்தை பெருகுவது பெட்டையால்தான் என்று ஆடு வளர்க்கிற நம்மாட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எனக்குப் பிடித்தது ஜெர்மனி முறை. வேட்டை உரிமை நிலத்தோடு சேர்ந்தது. சிறு நிலக்காரர்கள் ஒன்றுகூடிக் குத்தகைக்கு விடுவார்கள். மானோ பன்றியோ பயிரை மேய்ந்தால், பெரும்பாலும் குத்தகை எடுத்த வேட்டைக்காரர்தான் நஷ்டத்தைக் கட்ட வேண்டும்.

இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை கிடையாது. மாயாறு பள்ளத்தாக்கின் வெளிமான் அந்தச் சட்டத்தில் அதிகப் பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் 3 முதல் 7 வருடம் சிறை. சத்தியமங்கலம் காட்டுக்குள் புலியும் சிறுத்தையும் செந்நாயும் இருக்கின்றன, மந்தையை அவை பார்த்துக்கொள்ளும். எங்கள் பக்கம், கௌசிகா நதிப் பள்ளத்தை ஒட்டித் திரிகிற புள்ளிமான்களுக்குத் தெருநாயும் லாரியும்தான் எமன்.

நிலக்கடலை முளைத்து நாலு இலை விட்டதும் ராத்திரியே வந்துவிடும். காலையில் பார்த்தால் கத்தரி வைத்து வெட்டின மாதிரி சால் சாலாக மொட்டை. அப்பா பழைய சேலைகளை வேலியில் சுற்றிக் கட்டுவார். அம்மாவின் கல்யாணச் சேலை ஒன்றுதான் தப்பியது.

ஆக, கட்டுப்படுத்தலாமா என்றால், சுட்டுக் குறைப்பதை நான் கேட்கவில்லை. காட்டுக்கு வெளியே திரிகிற மானுக்கும், அது மேய்ந்த பயிருக்கும் பொறுப்பேற்க ஓர் ஆள் இருந்தால் போதும்.

போன ஐப்பசியில் நாய் துரத்தி எங்கள் கிணற்றில் ஒரு பெட்டை மான் விழுந்தது. தீயணைப்பு வண்டி வரும்வரை கையில் தடியோடு நாய்களை விரட்டிக்கொண்டு நின்றது, ராத்திரி முழுக்க மானைத் திட்டிய எங்கள் அப்பாதான். "பாவமுங்க, வாயில்லாச் சீவன்" என்றார் வந்தவர்களிடம். மறுநாள் சாயங்காலம் மேற்கு வேலியில் இன்னும் ரெண்டு சேலை சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.