தாத்தாவின் பழைய ஃபிலிம் கேமராவுக்கு முதலில் எந்த ரோல் வாங்கலாம்?

குன்னூரில் இருக்கிறீர்கள், தாத்தாவின் பென்டாக்ஸ் கே1000 கைக்கு வந்திருக்கிறது, கடையில் 100, 200, 400 என்று போட்டிருப்பதைப் பார்த்துக் குழம்பிப் போய்க் கேட்கிறீர்கள். சரி. அது ஐஎஸ்ஓ எண், எண் கூடக்கூட ஃபிலிமுக்குக் குறைந்த வெளிச்சமே போதும்.

400 வாங்குங்கள். கறுப்பு வெள்ளை என்றால் இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ், கலர் என்றால் கோடாக் அல்ட்ராமேக்ஸ். அவசரக்காரர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

"நல்ல வெயில் இருந்தால் 100 போதும், துகள் தெரியாது" என்று பலர் சொல்வார்கள். தப்பில்லை. ஆனால் நம் மலையில் வெயில் நம்மைக் கேட்டுக்கொண்டா வருகிறது? அந்தப் பேச்சை நம்பி என் முதல் ரோலாக 100 போட்டுக்கொண்டு கோத்தகிரி லாங்வுட் சோலைக்குள் போனேன். காலை பத்தரை மணி. லென்ஸின் துளையை எஃப்2 வரை முழுசாகத் திறந்தும், ஷட்டரை 30-க்கு, அதாவது நொடியில் முப்பதில் ஒரு பங்குக்கு இறக்கினால்தான் வெளிச்சம் அளக்கும் மீட்டர் முள் நடுவுக்கு வந்தது. குளிரில் கை வேறு நடுக்கம். கழுவி வந்த நெகட்டிவில் ஒவ்வொரு மரத்துக்கும் பக்கத்தில் அதன் தம்பி நின்றுகொண்டிருந்தான். அதே இடத்தில் 400 இருந்திருந்தால் ஷட்டரை 125-இல் வைத்திருப்பேன். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது. இரண்டு ஸ்டாப் வித்தியாசம் என்று புத்தகத்தில் படிக்கும்போது அது சின்ன விஷயமாகத்தான் தெரியும்.

வெயிலில் 400 அதிகமாகிவிடாதா என்றால், ஆகாது. உச்சி வெயிலில் துளையைச் சுருக்கி எஃப்16, ஷட்டர் 500. உங்கள் கேமரா 1000 வரை போகும். இன்னொன்று, டிஜிட்டல் மாதிரி படத்துக்குப் படம் ஐஎஸ்ஓ மாற்ற முடியாது, போட்ட ரோல் தீரும்வரை அதுதான். மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறினால் கல்லாறில் கண் கூசும் வெயில், ரன்னிமேடு தாண்டும்போது மேகம் ஜன்னலுக்குள் வந்துவிடும். இரண்டுக்கும் ஒரே ரோல் தாங்க வேண்டும். கோடாக் கோல்டு 200-உம் நல்ல ஃபிலிம்தான். அதன் மஞ்சள் சாயல் தேயிலைத் தோட்டத்து மாலை வெயிலுக்கு அவ்வளவு அழகு. ஆனால் நான்காவது, ஐந்தாவது ரோலாக வாங்குங்கள். முதல் மூன்றும் ஒரே ஃபிலிமாக இருந்தால்தான் தப்பு உங்களுடையதா, கேமராவினுடையதா, ஃபிலிமுடையதா என்று பிடிபடும்.

மூடுபனியில் மீட்டர் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். அந்த வெள்ளையைப் பார்த்து வெளிச்சம் நிறைய இருக்கிறது என்று அது ஏமாந்துவிடும். படம் சாம்பல் பூத்து வரும். ஒரு ஸ்டாப் கூடக் கொடுங்கள். நெகட்டிவ் ஃபிலிமுக்கு வெளிச்சம் கொஞ்சம் கூடினால் பொறுத்துக்கொள்ளும், குறைந்தால் நிழலில் ஒன்றுமே இருக்காது. கழுவியதும் நேராகவே படம் தெரியும் ஸ்லைடு ஃபிலிமுக்கு இந்தப் பொறுமை கிடையாது, அதை இப்போதைக்குத் தொடவே வேண்டாம்.

வாங்கும் முன் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, யார் கழுவித் தருவார்கள் என்பது. நான் நாலைந்து ரோல் சேர்ந்ததும் கோயம்புத்தூர் போகும்போது கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கூரியரில் அனுப்புகிறவர்களும் உண்டு. கலர் மட்டும் கழுவும் லேப்தான் உங்களுக்கு வாய்த்தது, ஆனால் கறுப்பு வெள்ளை வேண்டும் என்றால் இல்ஃபோர்டு எக்ஸ்பி2 சூப்பர் வாங்குங்கள். அது கறுப்பு வெள்ளைதான், ஆனால் கலர் நெகட்டிவ் கழுவும் சி-41 கெமிக்கலிலேயே கழுவலாம். மலிவு என்று ஆசைப்பட்டு, சினிமா ஃபிலிமை வெட்டிச் சுற்றி விற்கும் ரோலை வாங்கிவிடாதீர்கள். அதில் பின்பக்கம் கறுப்புப் பூச்சு இருக்கும் ரகத்தைச் சொல்லாமல் சாதாரண லேபில் கொடுத்தால் அந்தப் பூச்சு கரைந்து அவர்கள் கெமிக்கலையே நாசம் செய்துவிடும். அப்புறம் அந்தக் கடைப் பக்கம் தலைகாட்ட முடியாது.

எச்பி5-ஐ நான் முதலில் சொன்னதற்கு இன்னொரு காரணம், அதை வீட்டிலேயே கழுவலாம். ஃபிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் கெமிக்கலான டெவலப்பருக்கு 20 டிகிரி வேண்டும். சென்னையில் இருக்கும் நண்பர் இதற்காக ஐஸ் கட்டியோடு மல்லுக்கட்டுவார். நமக்குப் பல மாதங்கள் குழாய்த் தண்ணீரே கிட்டத்தட்ட அந்தச் சூட்டில்தான் வரும், ஜனவரியில் கொஞ்சம் வெந்நீர் கலக்க வேண்டியிருக்கும். டி-76 என்ற டெவலப்பரின் மேற்கொண்டு தண்ணீர் கலக்காத கரைசலில் ஏழரை நிமிடம். வெளிச்சம் புகாத கழுவும் டேங்கில் ரோலை ஏற்றும் அந்த இரண்டு நிமிடம் மட்டும் கும்மிருட்டு வேண்டும். நான் ராத்திரி பாத்ரூமில், கதவிடுக்கில் கம்பளியைத் திணித்துவிட்டுத்தான் ஏற்றுகிறேன்.

இருட்டு என்றதும் பெரியப்பா ஞாபகம் வருகிறது. ஊட்டி இந்து நகரில் இருந்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸில் வேலை பார்த்தவர். 1960-இல் தொடங்கிய மத்திய அரசு ஆலை, 1967-இல் உற்பத்தி ஆரம்பித்தது. ஃபிலிமில் மருந்து பூசுவது முழுக்க இருட்டில்தான் நடக்கும். வீட்டில் கரண்ட் போனால் நாங்கள் தீப்பெட்டி தேடி முட்டிக்கொள்வோம், அவர் பாட்டுக்கு நடந்து போய்ச் சமையலறையிலிருந்து தண்ணீர் குடித்துவிட்டு வருவார். பல வருட நஷ்டத்துக்கு அப்புறம் ஆலையை மூடிவிட்டார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீலகிரியில் யார் வீட்டு பீரோவைத் திறந்தாலும் அந்த ஆலையின் ஒரு 'இந்து' ரோல் கிடைக்க வாய்ப்பு உண்டு. தாத்தாவின் கேமராப் பையிலும் இருக்கலாம். அதை முதல் ரோலாகப் போட்டுவிடாதீர்கள். அவ்வளவு காலம் கிடந்த ஃபிலிம் தானாகவே புகை படிந்த மாதிரி ஆகியிருக்கும். டப்பாவோடு அலமாரியில் வையுங்கள், அழகாக இருக்கும்.

கே1000 மீட்டருக்குத் தனி சுவிட்ச் கிடையாது. லென்ஸ் மூடியைப் போடாமல் வைத்தால் உள்ளே இருக்கும் எல்ஆர்44 பட்டன் செல் தீர்ந்துகொண்டே இருக்கும். செல் தீர்ந்தாலும் ஷட்டர் ஓடும், மீட்டர் மட்டும்தான் போகும்.

ரோலைப் போட்டதும் ஃபிலிமை நகர்த்தும் லீவரைத் தள்ளும்போது இடப்பக்கத்து ரீவைண்ட் குமிழ் சுற்றுகிறதா என்று பாருங்கள். அத்தை மகள் நிச்சயதார்த்தத்தில் நான் பார்க்கவில்லை. ரோலில் இருக்கும் 36 படம் தாண்டி, 38 தாண்டி, 40-க்கும் லீவர் வழுக்கிக்கொண்டு போனது. 'ஒரு ரோலில் இத்தனையா' என்று சந்தோஷம் வேறு. மறுநாள் கோத்தகிரி ஸ்டுடியோ அண்ணனிடம் கொடுத்தேன். பின்மூடியைத் திறந்து பார்த்தார். ஃபிலிமின் நாக்கு வலப்பக்க ஸ்பூலில் மாட்டவே இல்லை, உருவிக்கொண்டு சும்மா கிடந்தது.

"ரோல் புதுசாவே இருக்கு தம்பி. அடுத்த விசேஷத்துக்கு வெச்சுக்கோ" என்று என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.