ஆழம் எவ்வளவு, மண் எப்படி?

கேள்வி: ஏற்காடு நாகலூர் பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஒரு காபித் தோட்டம். மாமனார் காலத்தில் புதைத்த 2 அங்குல இரும்புத் தண்ணீர்க் குழாய் எந்த வழியாகப் போகிறது என்று யாருக்கும் நினைவில்லை. நிலத்துக்குள் அலையை அனுப்பி, புதைந்திருப்பதைத் திரையில் காட்டும் ரேடார் வைத்துப் பார்க்க இரண்டு பேரை விசாரித்தோம். ஒருவர், 100 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனா கொண்டு வருகிறேன், நல்ல ஆழம் தெரியும் என்கிறார். இன்னொருவர் 400 என்கிறார். யாரை வரச் சொல்வது?
- வாசகி, நாகலூர்

பதில்: 400 என்றவரையே வரச் சொல்லுங்கள் அம்மா.

கையால் தோண்டிப் புதைத்த குழாய் இரண்டடி, மிஞ்சினால் மூன்றடியில் இருக்கும். அதற்கு ஆழம் பார்க்கும் ஆன்டெனா தேவையில்லை, நுணுக்கம் பார்க்கும் ஆன்டெனாதான் தேவை. ரேடார் அலை காற்றில் ஒரு நானோ செகண்டுக்கு 30 செ.மீ. போகும். மண்ணுக்குள் அது சுமார் 10 செ.மீ.யாகக் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 1 மீட்டர், 400க்கு 25 செ.மீ. ஒரு மீட்டர் அலையிடம் 5 செ.மீ. குழாயைத் தேடச் சொன்னால், இரும்பாகவே இருந்தாலும் மங்கலாகத்தான் காட்டும். போதாததற்கு, தரையிலேயே பட்டுத் திரும்பும் அலை மேல் ஓரிரு அடியை மூடிவிடும். உங்கள் குழாய் இருப்பதே அங்கேதான்.

400இல் பார்க்கும்போது திரையைக் கவனியுங்கள். குழாயைக் குறுக்கே கடந்தால் சட்டியைக் கவிழ்த்து வைத்தது போல ஒரு வளைவு வரும். ஆன்டெனா நேர் கீழே மட்டும் பார்ப்பதில்லை. முன்னும் பின்னும் விரிந்து பார்ப்பதால், குழாயை நெருங்கும்போதே தூரத்துப் பொருளாக அது தெரிய ஆரம்பித்து, ஆன்டெனா குழாய்க்கு நேர் மேலே வரும்போது மிக அருகில் தெரிகிறது. அந்த வளைவின் உச்சிக்கு நேராகச் சுண்ணாம்பு போடச் சொல்லுங்கள். நான்கைந்து இடத்தில் குறுக்கே போய், புள்ளிகள் ஒரே கோட்டில் விழுந்தால் அதுதான் குழாய். ஒரே ஓர் இடத்தில் மட்டும் வளைவு வந்தால் அது உருண்டைக் கல்லாக இருக்கலாம்.

சில்வர் ஓக் சருகை முதல் நாளே கூட்டி ஒதுக்கி வையுங்கள். ஆன்டெனா மண்ணை ஒட்டிப் போக வேண்டும்.

நாள் பார்ப்பதும் முக்கியம். சேர்வராயன் மலையின் சார்னோகைட் பாறை காய்ந்திருந்தால் அலையை நன்றாகவே உள்ளே விடும். மேலே இருக்கும் செம்மண்ணில் களி உண்டு, நனைந்தால் அலையை விழுங்கிவிடும். சேலத்தில் ஓர் ஏரிக்கரை வயலில் கார்த்திகை மழைக்கு மறுவாரம் போய் எனக்கு ஒரு நாள் முழுக்க வீணானது. 400இல் இரண்டடிக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. 100க்கு மாற்றிப் பார்த்தேன். ஆழம் கொஞ்சம் கூடியது, தேடிய குழாய் காணாமல் போனது. மாசியில் மண் காய்ந்த பிறகு, அதே 400இல் முதல் நடையிலேயே வளைவு வந்தது. அதனால் நீங்களும் காபியைப் பூக்க வைக்கும் பூ மழை விழுவதற்கு முன் ஒரு காய்ந்த நாளாகப் பாருங்கள்.

கேள்வி: மாடித் தளத்தில் குழாய் இறக்க 4 அங்குல ஓட்டை போட வேண்டும். கம்பி வெட்டுப்படக் கூடாது. இதற்கும் 400 சரிப்படுமா?
- வாசகர், அம்மாபேட்டை

பதில்: சரிப்படாது. 1600 மெகாஹெர்ட்ஸ் கேளுங்கள். கான்கிரீட்டில் அதன் அலைநீளம் சுமார் 6 செ.மீ.தான். அரை அடிக்குள் இருக்கும் கம்பிகளைத் தனித்தனியாகக் காட்டும், அதற்கு மேல் ஆழம் உங்களுக்கு வேண்டியதும் இல்லை. நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இரண்டு முறை ஓட்டச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஓட்டினால், ஓட்டும் திசைக்கு இணையாகப் போகும் கம்பி வளைவாக வராது, தவறவிட வாய்ப்புண்டு. தளம் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை என்றால் பொறுங்கள். ஈரக் கான்கிரீட்டில் படம் தெளியாது.

கேள்வி: போர் போட இடம் பார்க்க இந்த ரேடார் உதவுமா?
- வாசகர், ஓமலூர்

பதில்: நம் ஊரில் தண்ணீர் பல நூறு அடிக்குக் கீழே, பாறை வெடிப்பில் கிடைக்கிறது. அந்த ஆழத்துக்கு இந்த ஆன்டெனாக்கள் எதுவும் எட்டாது. கம்பிகளை நிலத்தில் ஊன்றிப் பார்க்கும் மின்தடை ஆய்வைக் கேளுங்கள்.